மீன்தொட்டியைத் தாங்கும் அலுமாரி



வீட்டின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதனுள் நீந்தும் சில மீன்களும் இருப்பின், அங்கு வருவோர் கண்கள் முதலில் அத்தொட்டியையே நாடுகின்றன. அதனைத் தாங்கி நிற்கும் அலுமாரியைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் அம்மீன்களின் உயிர் அந்த அலுமாரிக்குள் ஓயாது இயங்கும் கருவிகளையே பெரிதும் நம்பியிருக்கின்றது. நீரும் மின்சாரமும் ஒரு முழ இடைவெளியில் அயலாராக வாழும் இடமும் அதுவே. அவ்வலுமாரியின் உள்ளமைப்பை எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பது பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

1853 ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலே பொதுமக்களுக்கென மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையியல் அறிஞர் ‘அக்வேரியம்’ என்னும் நூலை வெளியிட்டார். அதன்பின் வீட்டுக்கொரு கண்ணாடித் தொட்டி என்னும் ஆசை இங்கிலாந்தெங்கும் பரவியது. அந்நாளைய தொட்டிகளுக்கு மின்கருவி எதுவுமில்லை. நீர்த்தாவரங்கள் வெளிவிடும் ஒட்சிசனே மீன்களுக்கு மூச்சளித்தது; அதனால் சில மீன்களே வளர்க்கப்பட்டன. இன்று நாம் பல மீன்களை ஒருங்கே வைக்க விரும்புகின்றோம். ஆகவே வடிகட்டி, காற்றுப்பம்பி, விளக்கு என்பன வந்து சேர்ந்தன. அவற்றுக்கு ஒரு வீடு வேண்டும். அவ்வீடே இந்த அலுமாரி.

அலுமாரியில் எதை எங்கே வைப்பதாயினும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்க. இங்கே என் கை எட்டுமா? நீர் கசிந்தால் அஃது எங்கே செல்லும்? மின்சாரம் நின்றால் என்ன நிகழும்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே தச்சரை அழைத்தல் நன்று.

முதலில் பாரத்தைக் கணித்துக்கொள்வோம். 4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உடைய தொட்டியை எடுத்துக்கொள்க. அதன் கொள்ளளவு 9 கன அடி. அதாவது ஏறக்குறைய 255 லீற்றர். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த நிறை 330 கிலோகிராமுக்குக் குறையாது. வளர்ந்த மனிதர் ஐவர் இரவும் பகலும் அந்த அலுமாரியின் மேல் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். ஆகவே மேற்பலகை நேரே நிலைப்பலகைகளின் தலைமீது படிந்திருக்க வேண்டும். பாரம் பலகை வழியே தரைக்கு இறங்க வேண்டும். பக்கத்தில் முடுக்கிய திருகாணிகளின் மேல் அதனைச் சுமத்தலாகாது. நடுவிலும் ஒரு நிலைப்பலகை இன்றியமையாதது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகை, ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்து வலுவிழக்கும். தேக்கு, பலா போன்ற மரமோ, நீருக்குத் தாங்கும் ஒட்டுப்பலகையோ ஏற்றது. அலுமாரியை நிறுத்தியபின் ரசமட்டம் வைத்து நாற்புறமும் பார்த்தல் வேண்டும். ஒரு புறம் தாழ்ந்திருப்பின் கண்ணாடியின் ஒட்டுகள் ஓயாத இழுவைக்கு உட்படும்.

நடுவே பலகை வருவதனால் அலுமாரி இயல்பாகவே இரண்டு அறைகளாகின்றது. இதனை நமக்கு வாய்ப்பாகக் கொள்ளலாம். ஒன்றை ஈர அறை எனவும் மற்றையதை உலர் அறை எனவும் வகுத்துவிடுங்கள். இந்த ஒரு பிரிவினையிலேயே திட்டத்தின் பாதி முடிந்துவிடுகின்றது.

இனி, ஒவ்வொரு கருவிக்கும் இடம் குறிக்கும் முறையைச் சொல்கின்றேன். பழைய செய்தித்தாளில் அலுமாரியின் முகப்பை உண்மையான அளவிலேயே வரைந்து தரையில் விரியுங்கள். முக்கால் அங்குலப் பலகையானால் ஒவ்வோர் அறைக்கும் ஏறத்தாழ 23 அங்குல அகலம் எஞ்சும். பின்னர் வடிகட்டி, பம்பி முதலியவற்றின் உருவை அட்டையில் வெட்டி அதன்மேல் வைத்துப் பாருங்கள். எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறைக்குத் தொட்டி அமைத்தபோது மாணவர் இவ்வாறே செய்தனர். அப்பொழுது ஒரு மாணவி, “சேர், மூடியைத் திறக்கக் கையை எங்கே வைப்பது?” எனக் கேட்டாள். கருவியின் அளவை மட்டும் எண்ணுவோர் மறந்துவிடும் கேள்வி அது. கருவி கொள்ளும் இடத்தோடு, அதனைக் கழற்றும் கை கொள்ளும் இடத்தையும் சேர்த்தே அட்டையை வெட்டுதல் வேண்டும்.

ஈர அறைக்கு உரியது வடிகட்டி. தொட்டியின் நீர் குழாய் வழியே இறங்கி, வாளி போன்ற மூடிய கலத்தினுள் புகுந்து, பஞ்சுகளின் ஊடே சென்று, மீண்டும் மேலேறும் வகையே இன்று பெரிதும் வழங்குகின்றது. இதன் கலம் தொட்டி நீர்மட்டத்தின் கீழே இருந்தாலன்றி நீர் தானாக இறங்காது. கலத்தின் மேல் குழாய்கள் மடிந்து நெரியாமல் வளைந்து செல்ல வேண்டும். ஆகவே அலுமாரி இரண்டரை அடி உயரமேனும் இருத்தல் நலம். கலத்தைத் துப்புரவாக்க வெளியே இழுக்க வேண்டியிருக்குமாதலால், அறையின் முன்விளிம்பில் குறுக்குச் சட்டம் இடலாகாது. கலத்தின் கீழே விளிம்புயர்ந்த தட்டொன்றை வையுங்கள். சிறு கசிவு அதிலே தேங்கி நம் கண்ணுக்குத் தெரியும்.

பெருங்கசிவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழாய் கழன்றுவிட்டால், உறிஞ்சும் வாய் உள்ள மட்டம் வரையில் தொட்டி வடிந்துவிடும். அவ்வாயை மணலின் அருகே வைத்தால் மீன்கள் வெறுந்தரையிற் கிடந்து மாளும். மணலிலிருந்து சில அங்குலம் உயர்த்தி வைத்தால், அவை பிழைத்திருக்கப் போதிய நீர் எஞ்சும். நீர் திரும்பிவரும் குழாயில், நீர்மட்டத்தின் சற்றுக் கீழே சிறு துளையொன்று இட்டால், மட்டம் அத்துளைக்குத் தாழ்ந்ததும் காற்றுப் புகுந்து பின்னோக்கிய ஓட்டம் நின்றுவிடும். இச்சிறு துளைக்குச் செலவு ஏதுமில்லை.

உலர் அறைக்கு உரியது மின்சாரம். நம் நாட்டு வீடுகளில் ஓடுவது 230 வோற்று மின்சாரம். ஈரக்கைக்கு அது கூற்றுவன். செருகிகள் பொருந்தும் பலகையைத் தரையில் கிடத்தாது, பக்கச்சுவரின் மேற்பகுதியில் பொருத்துக. வடிகட்டியின் மின்வடம் முதலில் கீழ்நோக்கித் தொங்கி, பின் மேலேறி, நடுப்பலகையின் மேற்றுளை வழியாக உலர் அறைக்குள் நுழைதல் வேண்டும். வடத்தின் வழியே வழிந்து வரும் நீர்த்துளி, அத்தொங்கும் வளைவின் அடியிலேயே சொட்டி விழும், செருகியை அடையாது. இவற்றோடு 30 மில்லி அம்பியர் கசிவுக்கே மின்னைத் துண்டிக்கும் காப்பு ஆளியும் இருத்தல் வேண்டும். அதனைத் தகுதி பெற்ற மின்வினைஞரே பொருத்தட்டும். ஒவ்வொரு செருகியிலும் அஃது எக்கருவிக்குரியது என எழுதி ஒட்டிவிடுங்கள். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் வெப்பமூட்டியும் வேண்டியிருக்கும்; நீரை மாற்றும்போது அதனை முதலில் நிறுத்தாவிடின், நீருக்கு வெளியே காய்ந்து வெடித்துவிடக்கூடும். தொட்டிக்குள் கை இடுமுன் எல்லா ஆளிகளையும் அணைக்கும் பழக்கத்தைச் சிறுவருக்கும் கற்பிக்க வேண்டும்.

காற்றுப்பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதே சிறந்தது. அலுமாரியினுள் வைப்பதாயின், மின்சாரம் நின்றதும் நீர் சிறு குழாய் வழியே இறங்கிப் பம்பியை நனைத்துவிடலாம். அதனைத் தடுக்கும் ஒருவழி அடைப்பை அக்குழாயில் இடுதல் அவசியம். பம்பியின் கீழே பஞ்சுத் துண்டொன்று வைத்தால் இரைச்சல் அடங்கும்.

அலுமாரியின் பின்புறத்தை முற்றாக மூடலாகாது. வெப்பமும் ஈரமும் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். முற்றாகத் திறந்தும் விடலாகாது. அலுமாரி பக்கவாட்டில் சாயும். மேலும் கீழும் ஒவ்வொரு பட்டைப்பலகை அறைந்து, நடுவைத் திறந்து விடுவதே தக்கது. மீனுணவை இறுக மூடிய புட்டியில் உலர் அறையில் வையுங்கள்; இன்றேல் எறும்புகள் நம்மை முந்திக்கொள்ளும். மருந்துகள் குழந்தைகளின் கைக்கு எட்டாத வேறிடத்தில் இருக்கட்டும்.

இறுதியாக மின்தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டமை நினைவிருக்கும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். வடிகட்டிக்குள் வாழும் பற்றீரியாக்களே அதனை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். மூடிய கலத்தில் நீர் ஓடாது பல மணித்தியாலம் நின்றால் அவை மடியத் தொடங்கும். ஆகவே உலர் அறையில் மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். நெடுநேரத் தடைக்குப்பின், கலத்தில் தேங்கிய நீரைக் கொட்டி, பஞ்சை வாளியில் எடுத்த தொட்டி நீரிலே அலசிய பின்னரே வடிகட்டியை இயக்குங்கள். குளோரீன் கலந்த குழாய்நீர் எஞ்சிய பற்றீரியாக்களையும் கொன்றுவிடும்.

வெள்ளம் வருமுன் அணை கட்டுதல் நம் முன்னோர் வழக்கு. அணையின் அழகு வறண்ட நாளில் தெரிவதில்லை. இந்த அலுமாரியும் அத்தகையதே. குழாய் கழன்ற ஓர் இரவில், விளக்கணைந்த ஒரு மாலையில், கதவைத் திறந்ததும் வேண்டியது கைக்கு எட்டுமாயின், அதுவே நல்ல திட்டம். கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் உயிர்கள் தமக்கு வேண்டியதைக் கேட்டறியா. நாமே முன்கூட்டி எண்ணி அமைத்தல் வேண்டும்.