சைக்கிளுக்கு ஒரு சின்னத்திரை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைப்பைப் பார்த்துவிட்டு டி.வி. சீரியலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று யாராவது உட்கார்ந்திருந்தால் தயங்காமல் பந்திக்குப் போகலாம். நான் சொல்ல வந்தது சைக்கிள் ஹேண்டில்பாரில் இருக்கும் தீப்பெட்டி அளவுத் திரையைப் பற்றி. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று காட்டும்; வேறு வித்தை ஒன்றும் கிடையாது.

சென்ற ஆண்டு நம் சங்கம், எடை குறைந்த சைக்கிள் ஒன்று செய்வதற்காக இறுதியாண்டுப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பண உதவி செய்தது. மேற்பார்வையை என்னிடம் விட்டார்கள். பணம் என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஃபிரேம், சக்கரம், பிரேக் எல்லாம் சொன்ன தேதிக்குள் முடிந்தன. அதில் பேச ஒன்றுமில்லை. இந்தத் தீப்பெட்டிதான் எட்டு மாதம் எங்களை ஆட்டி வைத்தது.

முதலில் கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். அட்டையில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி மூன்றாவது வாரம், கண்ணாடிக்கு உள்ளே புகை படிந்த மாதிரி ஆயிற்று. அப்புறம் எண்களில் பாதிக் கோடுகள் காணாமல் போயின. அப்புறம் ஒன்றுமே இல்லை. கழற்றி பேட்டரி மாற்றலாம் என்றால் பெட்டியே ஒட்டி மூடியது, திறக்க வழியில்லை. பையன்களில் இரண்டு பேர், "இன்னொண்ணு வாங்கிருவோம் சார், வைவாவுக்குத் தாங்கினா போதும்" என்றார்கள். குழுவில் கடற்கரை ஊரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி உண்டு. தினமும் அந்தச் சைக்கிளில் வரப்போகிறவள் அவள்தான். அவள் கேட்டாள்: "அப்போ ஒவ்வொரு ஜூன் மாசமும் ஒண்ணு வாங்கணுமா சார்? எங்க ஊர்ல அப்படி யாரு வாங்குவா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் மீதி ஏழு மாதமும் போயிற்று.

அட்டையில் போட்டது பொய் இல்லை. ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் வைத்துச் சோதித்தார்கள் என்று பொருள். ஒருமுறை, அசையாத தண்ணீரில், அதுவும் புதுப் பெட்டியை. நம்மூரில் நடப்பது வேறு. மத்தியானம் வெயிலில் நிறுத்திய சைக்கிளில் அந்தக் கறுப்புப் பெட்டி 60 டிகிரி வரை சுடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குத் திடீரென்று மழை. நிமிட நேரத்தில் 25 டிகிரிக்கு வந்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று சுருங்குகிறது. நம் பௌதிகப் பேராசிரியர் கரும்பலகையில் போட்ட அதே கணக்குதான்: உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வெளியிலிருந்து உள்ளே தள்ளும் அந்த அழுத்தம், ஏறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதாவது சோதனைச் சாலையில் ஒருநாள் செய்த பரீட்சையை நம் வானம் மழைக்காலம் முழுக்க, நினைத்த மத்தியானமெல்லாம் நடத்துகிறது. ரப்பர் கொஞ்சம் தளர்ந்ததும் பெட்டி தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிறது.

நமக்கோ கன்னிப்பூவுக்கு ஒரு மழை, கும்பப்பூவுக்கு ஒரு மழை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால் மழை மேலிருந்து விழுவதில்லை, காற்றோடு படுத்துக்கொண்டு வருகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று சைக்கிளை மட்டும் சும்மா விடுமா?

இதற்கு மேலே உப்பு. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புப் பரணி கசிவதைப் பெண்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். கடற்கரையில் அது சாதாரண விஷயம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த கம்பி நனைந்த கம்பிதான். அதில் மூன்று வோல்ட் மின்சாரம் ஓடினால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் பச்சைக் களிம்பு ஏறும்.

பெட்டியைக் காப்பது ஒரு வேலை, மின்சாரம் கொடுப்பது இன்னொரு வேலை என்று பிள்ளைகள் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே வேலை என்பதுதான் நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. சார்ஜ் செய்ய ஒரு துளை, வயர் வர ஒரு துளை, பொத்தானுக்கு ஒரு துளை. துளை கேட்பது மின்சாரம். துளை வழியே வருவது தண்ணீர். பசி குறைந்தால் வாசலும் குறையும்.

முதலில் டைனமோ வைக்கலாம் என்றார்கள். நம் காலத்து டைனமோ ஞாபகம் இருக்கிறதா? விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார் என்று பயந்து, டயரில் சாய்த்துவிட்டு, கொர்ரென்ற சத்தத்தோடு மிதித்து வருவோம். அது 6 வோல்ட், 3 வாட். எடை குறைந்த சைக்கிளில் அந்த இழுவை கால்களுக்குத் தெரியும். நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். அடுத்து, பளபளவென்று ஒளிவிடும் ஓஎல்இடி திரை. பார்க்க அழகுதான். ஆனால் நண்பகல் வெயிலில் மங்கிப் போகிறது. சுமார் 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. சி.ஆர். 2032 என்று ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரி இருக்கிறதே, அதன் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. கணக்குப்படி பதினோரு மணி நேரம். நிஜத்தில் அதுவும் வராது. பிறகு தினமும் சார்ஜ்தான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எத்தனை ஊரில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் கைக்கடிகாரத்தில் இருக்கும் பழைய சாம்பல் நிற எல்.சி.டி.தான் கைகொடுத்தது. அது தானாக ஒளி விடுவதில்லை. வெயிலைத் திருப்பிக் காட்டுகிறது, வெயில் ஏற ஏறத் தெளிவு. அதை ஓட்டும் சில்லையும் பெரும்பாலும் தூங்க வைத்தால் மொத்தத்தில் பத்து மைக்ரோ ஆம்பியர் போதும். டைனமோ கொடுப்பதில் லட்சத்தில் ஒரு பங்கு! அதே நாணயப் பேட்டரி கணக்குப்படி இரண்டரை வருடம். பாதி கிடைத்தாலும் ஒரு வருடத்துக்கு மேல். இரவில் தெரியாதே என்று ஒருவன் கேட்டான். இரவில் ரோட்டைப் பார்த்து ஓட்டு மக்கா என்றேன்.

சார்ஜ் துளை போயிற்று. பொத்தானும் போயிற்று: உள்ளே ரீட் சுவிட்ச் என்னும் சிறு கண்ணாடிக் குழல், வெளியே காந்தத் துண்டைக் காட்டினால் போதும், பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி அது வேலை செய்யும். சக்கரத்தின் சுற்றை எண்ணுவதும் இன்னொரு ரீட் சுவிட்ச், ஸ்போக்கில் ஒரு காந்தம். அதற்கு மட்டும் ஒரு வயர். அதைப் பெட்டியின் அடிப்பக்கமாக, வளைத்துத் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். நம் வீட்டு சர்வீஸ் வயர் மாதிரி, தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். அடைக்கிற சிலிக்கான் பசை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடிப்பது செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும். சர்க்யூட்டுக்கு மேலே வார்னிஷ் பூச்சு. மூடிக்கு வாஷர் பழைய சைக்கிள் டியூபில் வெட்டியது. அது அந்தப் பெண்ணின் யோசனை. அவள் அப்பா டார்ச் லைட்டை டியூப் ரப்பரால் கட்டித்தான் கடலுக்குக் கொண்டுபோவாராம். ஜி.பி.எஸ். கருவியைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும் என்பதையும் அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

அந்த வியர்வைக்காக, துளையே வேண்டாம் என்ற நானே ஒரு துளை போடச் சொன்னேன். அடியில், தரையைப் பார்த்து. அதன் மேல் ஒட்டியது ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு. 1969-இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த பொருள். குழாய் வேலைக்காரர் மரையில் சுற்றும் வெள்ளை டேப்புக்கு ஒன்றுவிட்ட உறவு. காற்றும் ஆவியும் போய் வரும், தண்ணீர்த் துளி நுழையாது. பெட்டி இப்போது மூச்சு விடுகிறது, ஆகவே உறிஞ்சுவதில்லை. காலையில் பனித்தாலும் வெயில் ஏறியதும் தெளிந்துவிடுகிறது.

நாலு திருகாணியைக் கழற்றினால் பேட்டரி மாற்றலாம். கும்பப்பூ அறுவடைச் சமயம், காற்று காய்ந்திருக்கும்போது மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் இரண்டு மழையிலும் அதை ஓட்டிவிட்டாள். வைவா அடுத்த மாதம்.

வண்டி வெளியே போர்ட்டிகோவில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும், கொஞ்சம் கல்லுப்பும் வைத்திருக்கிறார்கள். சாப்பிடப் போகிறவர்கள் போகிற வழியில் ஆளுக்கொரு செம்பு அள்ளி ஊற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பிள்ளைகளிடமே கேளுங்கள். நாலு பேரும் அங்கேதான் நிற்கிறார்கள்.