வெளிநாட்டுக்குக் கொடுத்த பணத்துக்கும் கணக்கு வேண்டும்! – பொதுக்கூட்ட உரையிலிருந்து



ஆப்கானிஸ்தான் விமானப்படைக்கு அமெரிக்கா 20 சரக்கு விமானம் வாங்கிக் கொடுத்தது. செலவு சுமார் 55 கோடி டாலர். அதுல 16 விமானத்தைக் காபூலிலேயே உடைச்சு, காயலான் கடைச் சரக்கா எடைக்குப் போட்டாங்க. ஒரு பவுண்டுக்கு 6 சென்ட்!

இது எப்படி வெளியே வந்தது? ஆப்கான் மறுசீரமைப்புச் செலவைப் பார்க்கவே 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனி ஆய்வு அலுவலகம் அமைத்தது. 3 மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. அந்த அலுவலகமே சொந்த அரசின் மானத்தை வாங்கியது.

நம்ம கதைக்கு வருவோம். போருக்குப் பிறகு இலங்கையில் 50,000 வீடு என்று இந்தியா அறிவித்தது. வடக்கு, கிழக்கில் வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு இலங்கைப் பணம் 5.5 லட்சம். வேலை நடக்க நடக்க, தவணையா அவங்க வங்கிக் கணக்குக்கே போச்சு. நல்ல ஏற்பாடு, மறுக்கல. கான்ட்ராக்டர் கைக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா?

ஆனா எல்லாத் திட்டத்திலும் இப்படித்தான் நடக்குதா? சி.ஏ.ஜி. இருக்கு, சரி. வெளிநாட்டு உதவிக்கென்றே தனிக் கண்காணிப்பு அலுவலகம் நம்மிடம் இல்லை. அதை அமைக்கணும். எந்த நாட்டுக்கு, எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு போச்சு, என்ன கட்டி முடிஞ்சது என்ற அறிக்கையை 3 மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வைக்கணும். வரும் கூட்டத்தொடரிலேயே நம்ம எம்.பி.க்கள் இதைக் கேட்பாங்க.