அரசுத் துறைகளுக்குத் தொழில்நுட்பம்: விற்பனைக் குழுத் தலைவரின் கடமை



தனியார் நிறுவனத்துக்குக் கணினி விற்பதும் அரசுத் துறைக்கு விற்பதும் ஒன்றல்ல. அரசில் கருவியைக் கையாளுபவர் ஒருவர். செலவுக்கு ஒப்புதல் தருபவர் மற்றொருவர். சில ஆண்டுகள் கழித்துத் தணிக்கை செய்பவர் வேறொருவர். இம்மூவருக்கும் விடை சொல்லக்கூடிய விற்பனைக்குத் தம் குழுவினரைப் பழக்குவதே தலைவரின் முதற்கடமை.

2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, சிக்கலான கருவிகளுக்குத் தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறைகளில் பெறப்படுகின்றன. தொழில்நுட்பத்தில் தேறியவரின் விலை மட்டுமே திறக்கப்படும். அதன்பின் அரிதான சூழ்நிலையிலன்றிப் பேரத்துக்கு இடமில்லை. ஆகவே, உண்மையை எடுத்துரைக்க வேண்டிய இடம் ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டமே. ஊழியர்களுக்குப் பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு, பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி ஆகியவை கோரிக்கையில் விடுபட்டிருந்தால் அங்கேயே சுட்டிக்காட்ட வேண்டும். அப்போது மௌனமாயிருந்து குறைந்த விலை கூறி, ஆணை கிடைத்தபின் கூடுதல் தொகை கேட்பது வாணிபத் திறமை ஆகாது.

நேர்மையாக எல்லாச் செலவையும் கணக்கிட்டவர் விலையில் தோற்றுவிட மாட்டாரா என்ற கேள்வி நியாயமானதே. இதில் துறைகளுக்கும் பொறுப்புண்டு. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், தரம் முக்கியமெனத் தீர்மானிக்கப்பட்ட பணிகளிலும் சேவைகளிலும் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பளிக்க வழி செய்தன. தேவையான இடத்தில் இவ்வழியைத் துறைகள் பயன்படுத்த வேண்டும்.

ரயில்வே முன்பதிவு இதற்கு நல்ல சான்று. அப்போது பொதுத்துறை நிறுவனமாயிருந்த சி.எம்.சி., 1985இல் டில்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியது. வண்டிக்கொரு சாளரம் என்ற நிலை மாறி, ஒரே சாளரத்தில் பல வண்டிகளுக்கும் இடம் பதியலாம் என்றாயிற்று. அதன் வெற்றியைப் பயணி வரிசையிலேயே கண்டார்.

மார்ச் 31க்குள் எத்தனை ஆணைகள் வந்தன என்று மட்டும் குழுவினரை அளந்தால், நிறைவேற்ற இயலாத வாக்குறுதிகளே பெருகும். ஓராண்டுக்குப் பின் கருவி பயன்பாட்டில் உள்ளதா என்பதையும் தலைவர் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். நிறுவும் பொறியாளரின் கருத்தறியாமல் எந்த வாக்குறுதியும் தரலாகாது. இயலாததை இயலாது என்று சொன்ன ஊழியரை, ஆணை கைநழுவினும், தண்டிக்கலாகாது.

அலுவலக மூலையில் முடங்கிக் கிடக்கும் கணினிக்கும் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் வரி செலுத்திய குடிமகன். அவரே இறுதி வாடிக்கையாளர் என்பதை விற்போரும் வாங்குவோரும் நினைவிற் கொள்வார்களாக.