கணக்கேடும் கூடாரமும்: வடதிருநெல்வேலியில் தேவசித்தம் தேடியவர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் விடியும் முன்பே விழித்துக்கொள்ளும். ஆண்டாள் பிறந்த ஊர். திருப்பாவைக்குக் கேட்கவா வேண்டும். பக்கத்து ராஜபாளையத்தில் அதே மாதத்து இரவுகளில் கிறிஸ்மஸ் பஜனைக் குழுக்கள் டிரம்மைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகும். அதெல்லாம் ஓய்ந்தபின் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை. அது முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும்.

அட்டை எடுக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். சிலர் மேலே இருப்பதைத் தொடமாட்டார்கள். விரலை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவுவார்கள். எடுத்ததும் படிப்பதில்லை. உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தபடி இடத்துக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, அப்புறம்தான் திருப்பிப் பார்ப்பது. ஆசீர்வாத வசனமென்றால் முகம் மலரும். கடிந்துகொள்ளும் வசனமாக வந்துவிட்டால்? வராது. அச்சிடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், அந்த மாதிரி வசனங்களை அட்டையில் போடுவதே இல்லை.

தேவசித்தம் அறிதல், கர்த்தருடைய வழிநடத்துதல் என்று சபைகளில் சொல்லப்படுவது பலருக்கு இந்த அட்டையில் தொடங்கி அட்டையிலேயே முடிந்துவிடுகிறது. அதைக் கேலி செய்வதில் பயனில்லை. மகளுக்கு வந்திருக்கும் வரன் சரிதானா, மில் வேலையை விட்டுத் திருப்பூர் போகலாமா என்று தவிக்கிற வீட்டுக்கு ஒரு வரி ஆறுதலே பெரிசு. ஆனால் இதே கரிசல் மண்ணில் வேறு விதமாகக் காதுகொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.  வசனக் காலண்டர்கள் அச்சாகிற சிவகாசியில் 1858 அக்டோபர் 22 அன்று இறந்துபோன ஒருவரிடமிருந்து தொடங்கலாம்.

தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1841இல் பல்கலைக்கழகத் தேர்வில் நான்காம் இடத்தில் தேறினார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வாளர் பதவி கிடைத்தது. அங்கேயே இருந்திருந்தால் நூலகமும் புல்வெளியுமாகக் காலம் கழிந்திருக்கும். 1840களின் நடுவில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராகச் சென்னைக்கு வந்தார். செயலாளர் வேலை என்றால் கடிதம், கணக்கு, யாருக்கு எவ்வளவு பணம் அனுப்புவது, எந்த ஊழியரை எங்கே மாற்றுவது. பரவசத்துக்கு அதில் இடம் கிடையாது.

அந்தக் கணக்கு வேலையில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, பனங்காட்டு ஊர்களில், நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று சபைகள் பெருகிக் கிடந்தன. கோவில், பள்ளிக்கூடம், போர்டிங், உபதேசியார் என எல்லாம் இருந்தன. வடக்கே கரிசல் பூமியில், அன்று திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டாரங்களில், நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு யாரும் போயே சேரவில்லை. ஒரே ஜில்லா, ஒரு பாதியில் நிறைவு, மறு பாதியில் வெறுமை. கணக்குப் படித்தவருக்கு அது பிழையாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய அழைப்பில் மின்னலும் இல்லை, இடியும் இல்லை. கண்ணெதிரே இருந்த ஒரு குறையை அவர் பார்க்காமல் விடவில்லை, அவ்வளவுதான். அதன்பின் செய்ததுதான் முக்கியம். மனதில் பட்டதை எழுதி, சங்கத்தின் முன் வைத்தார். மற்றவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்க இடம் கொடுத்தார். உடம்பு கெட்டு இங்கிலாந்து போனவர், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். 1854இல் வேலை தொடங்கியது.

எப்படிப்பட்ட வேலை? பங்களா கட்டவில்லை. கூடாரம்தான். ஓரிடத்தில் அடிப்பார்கள், சுற்றுவட்டத்து ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போவார்கள், எல்லா ஊரும் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடம். கொஞ்ச காலம் கழித்து அதே ஊர்களுக்கு மறுபடியும் வருவார்கள். கரிசல் வெயிலில் கித்தான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். மழைக்காலத்தில் இன்னொரு சோதனை. கரிசல் மண் நனைந்துவிட்டால் காலைப் பிடித்து விடாது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு படி மண் ஏறிக்கொள்ளும். நுரையீரல் நோய்க்காரர் ஒருவர் வீடில்லாமல் இந்த வெயிலிலும் சேற்றிலும் நான்கு ஆண்டுக்கு மேல் சுற்றினார்.

கூட நடந்தவர்கள் யார் என்பது அதைவிடச் சுவையான செய்தி. தெற்கத்திச் சபைகள் தங்கள் காணிக்கைப் பணத்தில் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. ஒவ்வொருவரும் ஒரு மாதம் வடக்கே வந்து கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போவார். மாதம் முடிந்ததும் ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். வெள்ளைக்காரரின் திட்டம் என்றே இது எழுதப்பட்டுவந்திருக்கிறது. அரிசியும் ஆளும் பனங்காட்டிலிருந்து வந்தன என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பனையேறிச் சம்பாதித்த காசில் கரிசல் காட்டுக்கு ஆள் அனுப்பிய அந்த ஏழைச் சபைகளுக்கும் ஒரு வழிநடத்துதல் இருந்திருக்கும்தானே. அது யாருடைய நாட்குறிப்பிலும் ஏறவில்லை.

அந்தக் கூடாரத்தில் தங்கி வேலை கற்றவர்களில் ஒருவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். வடதிருநெல்வேலி யாத்திரை ஊழியத்தில் ராக்லண்டோடு இருந்தார். பின்னால் சென்னைக்குப் போய்ச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாகி நெடுங்காலம் பணியாற்றினார். அவர் மனைவி அன்னா, முதல் தமிழ்க் குருமார்களில் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள்; சென்னையில் பெண் கல்விக்கு உழைத்தவர். மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். கூடாரத்துப் பாயில் படுத்த இளைஞரின் வீடு பின்னால் இப்படி விரிந்தது.

ராக்லண்ட் இறந்தபோது கணக்கேட்டில் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தெற்கே போல ஊரோடு திரண்டு வரவில்லை. தேவசித்தம் என்று நம்பி ஒருவர் தொடங்கிய வேலை அவர் கண்ணெதிரே பலிக்காவிட்டால், அவர் கேட்டது தப்பா? இந்தக் கேள்வியைச் சாட்சி மேடைகளில் யாரும் கேட்பதில்லை. அங்கே வருகிறவை எல்லாம் பலித்த கதைகள். வேலை கிடைத்தது, நோய் தீர்ந்தது, விசா வந்தது. ராக்லண்ட் தன் கணக்கை வேறு புத்தகத்தில் எழுதினார். நிலத்தில் விழுந்து மடிகிற கோதுமை மணியைப் பற்றி யோவான் நற்செய்தியில் வரும் இயேசுவின் உவமைதான் அவருக்கு வழிகாட்டி. கணித மேதைக்கு இது வேடிக்கையான கணக்கு.

அவர் வரலாற்றை 1922இல் எழுதி மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். வழிநடத்துதலை நேர்க்கோடாக நினைக்கிறவர்கள் இந்த அம்மாவின் பயணத்தைப் பார்க்கலாம். 1892 ஜனவரியில், போ என்ற அழைப்பைத் தெளிவாகக் கேட்டதாக உறுதியாக நம்பினார். எங்கே? சீனா என்று நினைத்தார். உடல்நிலை போதாது என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பான் போனார்; நோய் துரத்தியது. 1894இல் இலங்கை, அங்கிருந்து ஊர் திரும்ப நேர்ந்தது. 1895 நவம்பரில் பெங்களூர் வந்து இறங்கியபோது டெங்குக் காய்ச்சல். பிறகுதான் திருநெல்வேலி. கேட்ட சொல்லில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை. திசையைத்தான் மறுபடி மறுபடி மாற்றிப் படிக்க வேண்டியிருந்தது. வந்த பிறகு 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூட இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை.

வந்ததும் பெண்கள் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துவந்தார். அதுவே வாழ்நாள் வேலை என்று நினைத்திருந்தார். 1901 மார்ச்சில் கோவிலுக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். அதன்பின் குழந்தைகள் ஒவ்வொன்றாக வரவர, ஊர் சுற்றியவர் தொட்டிலருகே உட்கார வேண்டியதாயிற்று. பிரசங்கியாருக்குப் பால்பாட்டில் கழுவுகிற வேலையா என்று சுற்றியிருந்தவர்கள் சிலருக்கு வருத்தம். அவரும் ஒரேயடியாக மனம் மாறிவிடவில்லை. ஆவிக்குரிய வளர்ச்சி என்று சொல்கிறோமே, அது அவர் விஷயத்தில் உயரே ஏறிய மாதிரி தெரியவில்லை. குனியக் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

சாமுவேல் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். இருட்டில் கூப்பிட்ட குரலைக் கேட்டு மூன்று முறையும் பையன் கிழவர் ஏலியிடம் ஓடினான். கூப்பிட்டது யார் என்று கண்டுபிடித்தவர் சாமுவேல் இல்லை, கண் மங்கிப்போன ஏலி. காது ஒருவருடையது, பொருள் சொன்னது இன்னொருவர். அப்போஸ்தலர் நடபடிகளிலும் அப்படித்தான். துரோவாவில் இரவில் தரிசனம் கண்டவர் பவுல் ஒருவரே. மக்கெதோனியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவுக்கு வந்தபோது லூக்கா ‘நாங்கள்’ என்று எழுதுகிறார். அதற்கு முன் ஆசியாவிலும் பித்தினியாவிலும் அவர்களுக்கு வழி அடைபட்டிருந்ததையும் மறைக்காமல் பதிவு செய்கிறார்.

சேகரக் கமிட்டிக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த ‘நாங்கள்’ எவ்வளவு அரிது என்று தெரியும். காம்பவுண்டு சுவர் கட்டுவதா, பழைய ஆர்கனை மாற்றுவதா என்று பேச்சு நடக்கும். ஒருவர் எழுந்து, “ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டார்” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆண்டவர் பெயரைச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? எதிர்க்கட்சிக்காரரும் அடுத்த கூட்டத்துக்குள் முழங்கால் போட்டு ஒரு பதில் வெளிப்பாட்டோடு வந்துவிடுவார். இதற்கு மருந்து கத்தோலிக்கரிடம் பழையகாலம் முதலே இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த பயிற்சியைத் தமிழில் ‘தேர்ந்து தெளிதல்’ என்பார்கள். மனதில் எழும் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது, கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது, அமைதியைத் தருகிறதா, கலக்கத்தையா என்று ஆன்ம குருவின் துணையோடு நாள்கணக்கில் சோதித்துப் பார்ப்பது அது. 1606இல் இயேசு சபைக் குருவான தத்துவ போதகர் மதுரைக்கு வந்தபோது இந்தப் பயிற்சியில் ஊறியவராகவே வந்தார். சீர்திருத்தச் சபையார் இதைக் கடன் வாங்கினால் குறைந்துபோக மாட்டார்கள்.

வெட்கத்தின் வழியாகவும் வழிநடத்துதல் வருவதுண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கத்திய தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் கடல் கடந்து தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையில் எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை தன் எல்லைக்கு வெளியே என்ன செய்தது? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அரைநூற்றாண்டு முன்பு முறைவைத்து உபதேசியாரை வடக்கே அனுப்பிய பழக்கம் சபையின் நினைவில் எங்கோ கிடந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. சங்கம் தொடங்கி ஆறு ஆண்டு கழித்துத்தான், 1909இல், அசரியா தானே தோர்னக்கல்லுக்கு மிஷனரியாகக் கிளம்பினார். பிறரை அனுப்பிவந்த காலத்தில் அந்தச் சொல் அவருக்குள்ளேயும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. 1912இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

கேட்பதற்குப் பழகிய காதும் வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தெருவில் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். புதிதாக வருகிறவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். தறி ஓட்டுகிறவரோ அந்த இரைச்சலுக்கு நடுவே பக்கத்து ஆளோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். நான்கு தறிகளில் ஒன்றின் ஓட்டத்தில் சின்னப் பிசகு வந்தால் போதும், பேச்சை விட்டுவிட்டு அந்தத் தறியைப் பார்த்து நடப்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வருஷக்கணக்கில் அதன் நடுவே நின்ற காது அது.

கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் காதும் அப்படிப் பழகிய காதுதான், வேறு ஓசையில். 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆழ்வார் பாசுரங்களில் ஊறியவர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் ஆண்டாளும் அந்தப் பாசுரங்களில் உண்டு. சாயர்புரத்தில் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் ஆனார். அவருக்கு முன்பே தம்பியும் நெருங்கிய நண்பரும் கிறிஸ்தவராகிவிட்டார்கள். அவர் மட்டும் படித்தார், வாதாடினார், தயங்கினார். 1858இல், ராக்லண்ட் இறந்த அதே ஆண்டில், ஞானஸ்நானம் பெற்றார். பழைய ஓசையைக் கழற்றி எறிந்துவிட்டு வரவில்லை. பாசுரத்தில் பழகிய அதே தமிழில்தான் கிறிஸ்துவைப் பாடினார்.

பனியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணியப் பருவங்கள் என ஐந்து பகுதிகளாகப் போகிறது. பயணி ஒரேயடியாக ஊர் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. நடுவில் காடு இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் மாத இதழில் அது பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடராக வெளிவந்தது. புத்தகமாக வந்தது 1894இல். ஞானஸ்நானம் பெற்று முப்பத்தாறு ஆண்டு ஆகியிருந்தது, கவிஞருக்கு வயது அறுபத்தேழு. அதுவரை வாசகர்கள் ஒரு மாதம் சேற்றில் சிக்கிய பயணியை அப்படியே விட்டுவிட்டு, அவன் எழுந்தானா இல்லையா என்று தெரிய அடுத்த மாதத்துத் தபாலுக்குக் காத்திருந்தார்கள்.