எந்தக் கைக்கு எந்த வாத்தியம்

வீணையின் தண்டியில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் இருக்கும். வயலினில் ஒரு மெட்டும் கிடையாது. கர்நாடக இசை பழக வருபவரின் சுபாவத்துக்கு எந்த வாத்தியம் ஒத்துவரும் என்பதற்குப் பாதி விடை இதிலேயே அடங்கியிருக்கிறது.

சுருதி சேர்த்த வீணையில் மெட்டின் மேல் விரல் வைத்து மீட்டினால், முதல் நாளிலேயே ஸ்வரம் தன் இடத்தில் பேசும். வயலினில் அந்த இடத்தை விரலே தேடிப் பிடிக்க வேண்டும். மயிரிழை தள்ளினால் அபஸ்வரம். வில்லை அழுத்தினால் கீச்சொலி. தன் தவறை மாதக்கணக்கில் தானே கேட்டு, மனம் சோராமல் திருத்திக்கொள்பவருக்கு உரிய வாத்தியம் அது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், இந்த மேல்நாட்டுக் கருவியைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர். இன்று பாடகரின் நிழலாகத் தொடர்வதே கச்சேரியில் வயலினின் பெரிய வேலை. பிறர் போகும் வழியில் மகிழ்ச்சியோடு போகும் மனமும் அதற்கு வேண்டும்.

வீணைக்குத் துணை வேண்டாம். நான்கு தந்திகளில் இசை. பக்கத்தில் உள்ள மூன்று தந்திகளில் சுண்டுவிரலால் தாளம். நாதமும் மெல்லியது. விடியற்காலையில் தனியே உட்கார்ந்து வாசிக்க அதைவிட நல்ல துணை அரிது. அதற்காக, அமைதியானவருக்கே வீணை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் சிறு வயதில் கஞ்சிரா வாசித்தார், பிறகு சிதார். கடைசியில் குரு இல்லாமலே வீணையைக் கற்றார். 1954இல் பாட்டே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ படத்தை இயக்கியவரும் அவரே. ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து ஸ்வரங்களை வரவழைத்த அந்த வாசிப்பில், அடங்காத ஒரு மனிதரின் பிடிவாதம் கேட்கிறது.

எதைக் கண்டாலும் தட்டும் பிள்ளையை மிருதங்கத்துக்கு அனுப்புவது வழக்கம். அது பாதிதான் சரி. வாசிக்க உட்காருமுன் ரவையைப் பிசைந்து இடப்பக்கத் தோலான தொப்பியில் ஒட்ட வேண்டும். வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைச் சுற்றிலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். கச்சேரியில் எங்கே அடக்கி வாசிப்பது என்பதும் தெரிய வேண்டும். துறுதுறுப்போடு இந்தப் பொறுமையும் உள்ள பிள்ளைக்கே மிருதங்கம் நிலைக்கும்.

புல்லாங்குழல் பைக்கு லேசு, மூச்சுக்குக் கனம். முதல் நாட்களில் வெறும் காற்றுதான் வரும், தலையும் சுற்றும். பலன் உடனே தெரிய வேண்டும் என்பவர் அங்கேயே விட்டுவிடுவார்.

சுபாவம் ஒத்துவந்தாலும் இடமும் உடம்பும் ஒத்துவர வேண்டும். நாகஸ்வரத்தின் முழக்கம் கோயில் வீதிக்கு ஏற்றது. அடுக்குமாடி வீட்டில் அதைச் சாதகம் செய்வது கடினம். ஏறக்குறைய நாலடி நீளமுள்ள வீணை சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டாது. வயலினோ அரை, முக்கால் அளவுகளிலும் கிடைக்கிறது.

வாங்குமுன் ஆசிரியரின் வாத்தியத்தில் சில வாரம் பழகிப் பார்ப்பது நல்லது. சுருதி சேர்ப்பது, துடைத்து உறையிலிடுவது போன்ற சில்லறை வேலைகளையும் பிள்ளை அலுக்காமல் செய்தால் விலை பேசலாம்.