விற்க முடியாத நிலம்: வனுவாட்டு கதை

இன்னைக்கு ஒரு குட்டி நாட்டைப் பத்திப் பேசப்போறோம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடல்ல எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள். மொத்த மக்கள்தொகை சுமார் 3 லட்சம். சென்னையில ரெண்டு மூணு ஏரியாவைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு வந்துடும். ஆனா அங்க பேசப்படுற மொழிகள் நூறுக்கு மேல. பேரு வனுவாட்டு.

என்னை இந்த நாட்டுக்குள்ள இழுத்தது அதோட அரசியல் சட்டத்துல இருக்கிற ஒரு பிரிவு. 73-வது பிரிவு. நாட்டுல இருக்கிற எல்லா நிலமும் பூர்வகுடிகளான வழக்காற்று உரிமையாளர்களுக்கும் அவங்க சந்ததிகளுக்கும் சொந்தம், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர் ஒரு சென்ட் நிலம்கூட நிரந்தரமா வாங்க முடியாது. மாசாமாசம் ஈ.எம்.ஐ. கட்டுற எனக்கு இதைப் படிச்சப்போ கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்தது.

இப்படி ஒரு சட்டம் ஏன் வந்ததுன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 1906-லிருந்து பிரிட்டனும் பிரான்ஸும் இந்தத் தீவுகளைக் கூட்டா ஆண்டாங்க. அப்போ பேரு நியூ ஹெப்ரிடிஸ். ரெண்டு போலீஸ், ரெண்டு நாணயம், ரெண்டு சிறை. ஒரே சர்வருக்கு ரெண்டு அட்மின், ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு வச்சுக்கோங்க. யூசருக்கு மட்டும் அக்கவுன்ட்டே கிடையாது. நிஜமாவே கிடையாது: உள்ளூர் மக்கள் பிரிட்டிஷ் குடிமக்களும் இல்ல, பிரெஞ்சுக் குடிமக்களும் இல்ல. நல்ல கடற்கரை நிலம் பெரும்பாலும் தோட்ட முதலாளிகள் கைக்குப் போயிருந்தது. அதனால விடுதலைப் போராட்டமே நிலத்தைத் திரும்ப வாங்குற போராட்டமா ஆச்சு. 1980 ஜூலை 30, சுதந்திரம். அன்னைக்கே நிலம் திரும்பி வந்தது.

முதல் பிரதமர் வால்ட்டர் லினி ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார். ‘மெலனீசிய சோஷலிசம்’னு பேசினவர். பகிர்ந்து வாழ்றது, உட்கார்ந்து பேசி ஒருமிச்ச முடிவுக்கு வர்றது எல்லாம் எங்க கிராமங்கள்ல ஏற்கெனவே இருக்கு, அதை வெளியிலிருந்து இறக்குமதி பண்ண வேண்டாம்ங்கிறது அவரோட வாதம். ஆரம்பத்துலயே சோதனை வந்தது. சான்ட்டோ தீவு தனியா பிரிஞ்சு போகப் பார்த்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெருசா எதுவும் செய்யல. கடைசியில வந்து அதை அடக்கினது இன்னொரு மெலனீசிய நாடான பப்புவா நியூ கினி அனுப்பின ராணுவம்.

சரி, இந்தப் பாரம்பரியம் நாடாளுமன்றத்துக்குள்ள போனா என்ன ஆகும்? இங்கதான் எனக்குச் சிக்கல். மெலனீசியாவுல ‘பெரிய மனுஷன்’ ஆகுறது பிறப்பால மட்டும் வர்றதில்ல. பன்றி, பாய், விருந்துன்னு அள்ளிக் கொடுத்துப் பெரியவன் ஆகணும். அந்த நாட்டுக் கொடியிலயே பன்றித் தந்தம் இருக்கு. ஆக, கொடுக்கிறது மரியாதை. ஆனா ஓட்டெடுப்புக்கு முன்னாடி எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்தா அது அன்பளிப்பா, லஞ்சமா?

2015-ல நீதிமன்றம் லஞ்சம்னு சொல்லிடுச்சு. 52 பேர் இருக்கிற நாடாளுமன்றத்துல 14 பேர் குற்றவாளிகள்னு தீர்ப்பு. அடுத்து நடந்தது சினிமாவுல வந்தா ‘லாஜிக் இல்ல’ன்னு சொல்லுவோம். குடியரசுத் தலைவர் பால்ட்வின் லான்ஸ்டேல் வெளிநாடு போயிருந்தார். தற்காலிகப் பொறுப்புல இருந்த சபாநாயகர் மார்செலினோ பிப்பித்தே எல்லாருக்கும் மன்னிப்பு வழங்கிட்டார். அந்த 14 பேர்ல அவரும் ஒருத்தர்! லான்ஸ்டேல் திரும்பி வந்து, நாட்டு மக்கள்கிட்ட வருத்தம் தெரிவிச்சு, மன்னிப்பையே ரத்து பண்ணினார். எல்லாரும் சிறைத் தண்டனைக்கு ஆளானாங்க. லான்ஸ்டேலும் ஒரு பாதிரியார், பாரம்பரியத் தலைவரும்கூட. அதனால ‘பாரம்பரியம்தான் ஊழலுக்குக் காரணம்’னு ஒரே வரியில முடிச்சுட முடியாது.

கட்சி தாவல் மட்டும் நிக்கல. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அங்க வருஷா வருஷம் வர்ற பருவமழை மாதிரி. 2024 மே மாசம் நாட்டோட முதல் பொது வாக்கெடுப்பு நடந்து, கட்சி மாறினா பதவி போகும்னு மக்களே முடிவு பண்ணினாங்க. இன்னொண்ணும் சொல்லணும். ஊர்ப் பேச்செல்லாம் நடக்கிற நகமால் பல இடங்கள்ல ஆண்களுக்கான இடம்தான். 2022 தேர்தல்ல 52 பேர்ல ஜெயிச்ச பெண் ஒரே ஒருத்தர். ‘ஒருமிச்ச முடிவு’ன்னு சொல்லும்போது யாரெல்லாம் உட்கார்ந்து பேசினாங்கன்னும் கேட்கத் தோணுது.

வருமானத்துக்கு என்ன வழி? நிலத்தை விற்க முடியாது. அதனால பாஸ்போர்ட்டை வித்தாங்க. தனி ஆளுக்குச் சுமார் 1,30,000 டாலர். அரசு வருமானத்துல இது பெரிய பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல விசா சலுகையை நிறுத்தி வச்சு, 2024 டிசம்பர்ல முழுசா ரத்து பண்ணிடுச்சு. நிலமே குடிமக்களோட அடையாளம்னு எழுதின நாடு, அந்த நிலத்தை மட்டும் வச்சுக்கிட்டுக் குடியுரிமைக்கு விலை போட்டது.

நிலத்தையாவது உண்மையிலயே வச்சுக்கிட்டாங்களா? இதுதான் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து படிச்ச பகுதி. விற்கத்தான் முடியாது, குத்தகைக்கு விடலாம். அதிகபட்சம் 75 வருஷம். தென்னை மரத்தோட ஆயுளைக் கணக்குல வச்சுப் போட்டதுன்னு சொல்றாங்க. தோட்டத்துக்காகப் போட்ட அந்தக் கணக்கு ரிசார்ட்டுக்கும் கடற்கரை பங்களாவுக்கும் போயிடுச்சு. தலைநகர் போர்ட் விலா இருக்கிற எஃபாத்தே தீவுல கடற்கரை பாதிக்கும் மேல குத்தகையில இருக்கு. உரிமை யாருக்குன்னு தகராறு இருந்தா, உரிமையாளர்களுக்குப் பதிலா அமைச்சரே கையெழுத்துப் போடலாம்ங்கிற அதிகாரம் வேற இருந்தது. அதாவது, சண்டை தீர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையே இல்ல.

ரால்ஃப் ரெகன்வானு நில அமைச்சரா இருந்தப்போ இதைத்தான் கைவச்சார். மானுடவியல் படிச்சவர், முன்னாடி வனுவாட்டு கலாச்சார மையத்தோட இயக்குநர். 2014-ல நடைமுறைக்கு வந்த சட்டங்கள் அந்த அமைச்சர் அதிகாரத்தை, அதாவது அவரோட சொந்த அதிகாரத்தையே, பறிச்சது. உரிமையாளர் யாருன்னு நகமால்லயே பேசி முடிவு பண்ணணும், மொத்தக் குழுவும் சம்மதிக்கணும். பாரம்பரியத்தை மேடையில பேசுறதுக்கும் சட்டத்துல ஒரு நடைமுறையா எழுதுறதுக்கும் இதுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

ஆனா பழைய குத்தகைகள் அப்படியே இருக்கு. 1980-ல போட்ட 75 வருஷக் குத்தகை 2055-ல முடியும். பல ஒப்பந்தங்கள்ல ஒரு வரி இருக்கு: நிலத்தைத் திரும்ப எடுக்கணும்னா, அதுல கட்டின கட்டடத்துக்கும் செஞ்ச மேம்பாட்டுக்கும் உரிமையாளர் ஈடு கொடுக்கணும். தாத்தா சேனைக்கிழங்கு போட்ட இடத்துல இன்னைக்கு நீச்சல் குளம் இருக்கு. அதுக்குப் பேரன் பணம் கட்டினாத்தான் நிலம் கைக்கு வரும்.