ஏழு விழுக்காட்டின் பலம்



பொதுத்தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் போதும். மலேசியாவில் இந்தியர்கள் கூடுகின்ற உணவகங்களிலும் கோயில் வாசல்களிலும் ஒரே கேள்விதான்: "இந்தத் தடவை நம்ம ஆளுங்க எத்தனை பேர் நிக்கிறாங்க?"

கேள்வியில் தவறில்லை. ஆனால், அதோடு நின்றுவிட்டால் ஓர் உண்மை மறைந்துபோகும்.

நாட்டின் குடிமக்களில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காட்டினர். நாடாளுமன்றத் தொகுதிகள் 222. அவற்றில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆக, நாடாளுமன்றத்தில் அமரும் ஒவ்வோர் இந்தியரும் மற்ற இனத்தவரின் வாக்குகளையும் பெற்றே உள்ளே செல்கிறார். அதேபோல், போட்டி கடுமையான கலப்புத் தொகுதிகளில் மலாய்க்கார, சீன வேட்பாளர்கள் பலர் இந்தியர் வாக்கு இல்லாமல் கரை சேர முடியாது.

இந்தக் கணக்கை அன்றைய தலைவர்களும் அறிந்திருந்தார்கள். 1946இல் தோன்றிய ம.இ.கா. 1954இல் கூட்டணியில் சேர்ந்தது. 1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. அதில் ம.இ.கா.வுக்கு 2 இடங்கள். தனித்து நின்றால் கிடைக்காத குரல், சேர்ந்து நின்றதால் அரசாங்கத்திற்குள் கேட்டது. அது சிறிய வெற்றியல்ல.

ஆனால், நாளடைவில் ஒரு பழக்கம் வந்தது. கட்சித் தலைவர்கள் கைகாட்டிய பக்கம் தோட்டப்புற வாக்குகள் விழுந்தன. எப்படியும் விழும் வாக்கைத் தேடி யார் வருவார்கள்? 1980, 1990களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நேரத்தில் இழந்து நகரத்திற்கு வந்தன. பிள்ளைகளின் படிப்பு, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை என்று அவர்களின் கவலைகள் பெருகின. கேட்க ஆளில்லை.

அந்த மனக்குமுறல்தான் 2007 நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராப் பேரணியாகத் தலைநகரில் வெடித்தது. கண்ணீர்ப்புகைக்கும் நீர்ப்பீரங்கிக்கும் நடுவே பல்லாயிரம் பேர் நின்றார்கள். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதன் எதிரொலி கேட்டது. 2004இல் 9 நாடாளுமன்ற இடங்களை வென்ற ம.இ.கா. மூன்றுக்கு இறங்கியது. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது.

அந்தத் தேர்தலில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. சுங்கை சிப்புட்டில் 1974 முதல் உறுப்பினராக இருந்த டத்தோ ஸ்ரீ ச.சாமிவேலுவைத் தோற்கடித்தவர் டாக்டர் மைக்கல் ஜெயகுமார். இருவருமே தமிழர். எனவே "நம்ம ஆள்" என்ற பேச்சுக்கு அங்கே வேலையில்லை. வேறு சில தொகுதிகளில் பாஸ் கட்சியின் மலாய்க்கார வேட்பாளர்களுக்கும் இந்தியர்கள் வாக்களித்தார்கள். இனத்தைத் தாண்டி, குறையைக் கேட்பவர் யார் என்று பார்த்த வாக்கு அது.

அதன் பிறகு இந்தியர் வாக்கு யாருடைய சட்டைப்பையிலும் தங்கவில்லை. 2013இல் ஒரு பகுதி தேசிய முன்னணிக்குத் திரும்பியது. 2018இல் ஆட்சி மாறியபோது, இந்திய வம்சாவளியினர் நால்வர் முழு அமைச்சர்களானார்கள். ஆனால், நாற்காலியின் எண்ணிக்கை கூடியதாலேயே வீட்டுக் கவலைகள் தீர்ந்துவிடவில்லை என்பதையும் மக்கள் கண்டார்கள்.

இதில் பாடம் என்ன? வாக்கு உறுதியில்லை என்று தெரிந்தால்தான் கட்சிகள் தேடி வரும். ஆனால், தேடி வருவது தேர்தல் வரை மட்டுமே. அதற்குப் பின் கேட்டுப் பெறுவது வாக்காளரின் வேலை. தொகுதி உறுப்பினர் மலாய்க்காரர் அல்லது சீனர் என்பதற்காக, பிள்ளையின் குடியுரிமை மனுவை வீட்டு அலமாரியிலேயே வைத்திருக்கும் பெற்றோர் இன்னும் உண்டு. அந்த உறுப்பினரின் சேவை மையம் அவர்களுக்கும் உரியது. அவர்களின் வாக்கும் சேர்ந்துதான் அவரை அங்கே அமர்த்தியது.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தச் சின்னத்தில் கோடு போட வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வாக்களித்த பிறகு யாரிடம் போய், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தந்தால் போதும்.

ஏழு விழுக்காட்டின் பலம் எண்ணிக்கையில் இல்லை, நேயர்களே. கேட்பதில் இருக்கிறது.